சைக்கிள் ஓட்டச் சொல்றீங்களே டாக்டரம்மா... எங்கே ஓட்டுறது?

அந்த அம்மாவுக்கு வயது 46. பள்ளிக்கூட டீச்சர். சர்க்கரை வியாதி வந்து நாலு வருஷம். எடை 78 கிலோ. போதாததற்கு முழங்கால் வலி வேறு. "தினம் நடங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன். "ரெண்டு தெரு நடந்தாலே முட்டி பிடிச்சுக்குது டாக்டரம்மா" என்று ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் சும்மா கேட்டேன். "உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? பிளஸ் டூ படிக்கும்போது எங்க கிராமத்துலேருந்து தினம் நாலு மைல் சைக்கிள்லதான் போவேன். பின்னாடி கேரியர்ல என் தங்கச்சி வேற."

"பிறகென்ன? ஒரு சைக்கிள் வாங்குங்க. உங்க ஸ்கூல் ரெண்டரை கிலோமீட்டர்தானே? போக வர சைக்கிள். முட்டிக்கும் பாரம் இல்லை, சர்க்கரையும் இறங்கும்" என்று சொல்லி, மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'தினம் 30 நிமிடம் சைக்கிள்' என்று எழுதியும் கொடுத்தேன்.

சீட்டை வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "எங்கே ஓட்டுறது டாக்டரம்மா? பஸ் ஸ்டாண்ட் ரவுண்டானாவுலயா? லாரி வர்ற பாலத்துலயா? நீங்க ஓட்டுவீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நானே ஓட்டுவதில்லை. வீட்டிலிருந்து கிளினிக் ஒன்றரை கிலோமீட்டர், ஸ்கூட்டரில்தான் போகிறேன். ஊரில் எங்கும் கிடைக்காத மூலிகையை எழுதிக் கொடுத்து, 'மூன்று வேளை சாப்பிடு' என்று சொல்கிற வைத்தியரைப் போலத்தான் அன்றைக்கு நான் இருந்தேன். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. மருந்து பற்றிக் கொஞ்சம், சாலை பற்றி நிறைய எழுதப் போகிறேன். சித்த வைத்தியருக்குச் சாலையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். போகப் போக நீங்களே சொல்வீர்கள்.

ஒரு மணிக்கு வாடகை சைக்கிள்

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் சைக்கிள் என்பது ஒரு விஷயமே இல்லை. தபால்காரர், பால்காரர், வாத்தியார், கம்பவுண்டர் எல்லோரும் சைக்கிள்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும். மூலிகை பார்க்க ஆற்றங்கரைப் பக்கம் போக வேண்டுமென்றால் நாங்கள் தோழிகள் நாலைந்து பேர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். டைனமோ விளக்கு, அரைகுறை பிரேக், பின்னால் மணியடித்துக்கொண்டே வரும் ஜூனியர் பையன்கள்... பயம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகமே இல்லை. ரோட்டில் பஸ் வந்தால் ஒதுங்கி நிற்போம், அவ்வளவுதான்.

அதே ரோட்டை இன்றைக்குப் போய்ப் பாருங்கள். ரோடு அகலமாகியிருக்கிறது. சைக்கிளுக்கான இடம் மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இந்த முப்பது முப்பத்தைந்து வருஷத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காரும் நோய்களும் மாறியிருக்கின்றன. ஆரம்பத்தில் காமாலை, சீதபேதி, சொறி சிரங்கு. இன்றைக்குப் பத்துப் பேர் வந்தால் பாதிக்கு மேல் சர்க்கரை, மூட்டுவலி, பி.பி., தைராய்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது வாசற்படியில், இன்னும் 13 கோடிக்கும் அதிகமானவர்கள் நிற்கிறார்களாம். இதற்கு சைக்கிள் போனது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். சோறும் மைதாவும் டி.வி.யும் செல்போனும் இருக்கின்றன. ஆனால் உடம்பு அசையாமலே ஒரு நாளை ஓட்டிவிட முடிகிற வாழ்க்கை வந்துவிட்டது என்பது உண்மை.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஜிம்முக்குப் போக நேரமில்லை, காசில்லை, வெட்கமாக இருக்கிறது என்று சொல்பவர்களே அதிகம். வேலைக்குப் போகிற வழியிலேயே உடற்பயிற்சி நடந்துவிட்டால்? டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பல ஆயிரம் பேரை வருஷக்கணக்காகக் கவனித்து, 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சைக்கிளில் வேலைக்குப் போகாதவர்களின் இறப்பு விகிதம், போகிறவர்களைவிட ஏறத்தாழ 39 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். மற்ற நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறார்களா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு வந்த எண் இது.

முழங்கால்காரர்களுக்கு சைக்கிள் ஏன் நல்லது? நடக்கும்போது முழு உடம்புப் பாரமும் மூட்டில் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பாரத்தை சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீண்டு, தொடைத் தசை பலப்படுகிறது. தொடைத் தசை பலப்பட்டால் முட்டிக்கு நிம்மதி. உளுந்துத் தைலம் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வலி குறையும், நானும் கொடுக்கிறேன். ஆனால் தைலம் தசையை வளர்க்காது.

துணி காயப் போடும் சைக்கிள்

இன்னொரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளி என்றால் பெரிய ஆள் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பையன். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வேன் உரசிக் கீழே விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு விறைப்புக்காக என்னிடம் எண்ணெய் போட அழைத்து வந்தார் அம்மா. ஆறு வாரத்தில் கை சரியாகிவிட்டது.

ஆனால் அந்த அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டார். யார் குறை சொல்ல முடியும்? பையன் வேனில் போக ஆரம்பித்தான். ஒன்றரை வருஷம் கழித்து வேறு எதற்கோ வந்தவனைப் பார்த்தால் கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருக்கிறது. இது வெறும் அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு ஓர் அடையாளம். எடை பதினோரு கிலோ கூடியிருந்தது. அவன் அக்காவுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் இருக்கிறதே, அது வராந்தாவில் துணி காயப் போட உதவுகிறது என்று அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது, நல்ல திட்டம். லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போன திட்டம். ஓட்டுவதற்கு வழி? வேனைப் பார்த்துப் பயந்து சைக்கிளை நிறுத்துகிறோம். பிள்ளையை வேனில் ஏற்றுகிறோம். ரோட்டில் இன்னொரு வேன் கூடுகிறது. அடுத்த வீட்டு அம்மாவும் பயப்படுகிறார். இந்த வட்டம் எங்கே போய் முடியும்? 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அரசாங்கக் கணக்கு இது.

நெதர்லாந்து பிறக்கும்போதே அப்படி இல்லை

'அதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும்' என்று சொல்வீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நெதர்லாந்து என்றாலே குழந்தை குட்டியோடு சைக்கிளில் போகும் படம்தான் கண்ணில் வருகிறது. அந்த நாட்டின் கதையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இருந்திருக்கிறார்கள் என்று.

1950, 60களில் அங்கேயும் கார் பெருகியது. சைக்கிள் பாதைகளைப் பெயர்த்தெடுத்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். நகரத்து மைதானங்கள் கார் நிறுத்தும் இடங்களாயின. 1970களின் தொடக்கத்தில் ஒரு கோடியே முப்பது லட்சம் மக்கள் கொண்ட அந்தச் சின்ன நாட்டில் வருஷத்துக்கு 3,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் இறந்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள்.

விக் லாங்கென்ஹோஃப் என்று ஒரு பத்திரிகையாளர். 1971இல் அவருடைய ஆறு வயது மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும்போது கார் மோதி இறந்தாள். 1972இல் அவர் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. விபத்து என்று எழுதவில்லை பாருங்கள், கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது.

அதற்கு முதல் தலைவியாக வந்தவர் மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விபத்து நடக்கும் முனைகளில் போய்க் கூட்டமாக உட்கார்ந்தார்கள். தெருவை ஒரு நாள் மூடி, நடுவில் மேஜை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் ரோட்டில் விளையாடின. பிரதமர் யோப் டென் ஓயில் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாட்டுப் பாடி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தெரு கேட்டார்கள். அவரும் வெளியே வந்து கேட்டார். 1973 நவம்பரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அப்போதுதான் ஜனங்களுக்கு, கார் இல்லாத தெரு எவ்வளவு அமைதி என்பது ஞாபகத்துக்கு வந்ததாம்.

1975இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் ஒன்றும் பிறந்தது. ஆபத்தான இடங்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். சில ஊர்களில் இரவோடு இரவாகத் தாங்களே பெயிண்ட் அடித்து சைக்கிள் பாதை வரைந்தார்கள். போலீஸ் பிடித்தது. பேப்பரில் செய்தி வந்தது. நகராட்சி யோசிக்க ஆரம்பித்தது. (பெயிண்ட் டப்பாவோடு நீங்கள் கிளம்ப வேண்டாம். ஒரு கதைக்காகச் சொன்னேன்!)

இன்றைக்கு அங்கே 35,000 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. மக்கள் செய்கிற பயணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிளில். ஜனத்தொகை கூடி, வாகனமும் பல மடங்கு கூடியும், சாலை மரணம் 1970களில் இருந்ததில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. காரில் சீட் பெல்ட், தலைக்கவசம், வேகக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்துதான் இந்தக் குறைவு. பாதை அதில் ஒரு பெரிய பங்கு.

நடுவில் அறுந்தால் நாடி நிற்கும்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசாங்கம் முதலில் டில்பர்க், தி ஹேக் என்ற இரண்டு ஊர்களில் தலா ஒரு நீண்ட, அருமையான சைக்கிள் பாதை போட்டுப் பார்த்தது. நல்ல செலவு. பாதையில் சைக்கிள் கூடியது, பாதுகாப்பும் கூடியது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் போய்க்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் இதற்கு மாறி வந்தார்கள். புதிதாக சைக்கிள் எடுத்தவர்கள் அதிகமில்லை. ஏன்? ஒரு பாதை நன்றாக இருந்தால் போதுமா? அந்தப் பாதைக்கு வந்து சேரவும், அதிலிருந்து இறங்கிப் பள்ளிக்கும் கடைக்கும் போகவும் வழி வேண்டாமா?

அப்புறம் 1980களில் டெல்ஃப்ட் என்ற ஊரில் வேறு மாதிரி செய்தார்கள். பெரிய ராஜபாட்டை ஒன்று போடுவதற்குப் பதில், ஊர் முழுக்க ஏற்கெனவே இருந்த துண்டு துண்டான வழிகளை இணைத்தார்கள். இங்கே ஒரு சின்னப் பாலம், அங்கே ஒரு சுரங்க வழி, ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி. ஏற்கெனவே ஊரில் 40 சதவீதமாக இருந்த சைக்கிள் பயணம் 43 ஆனது. மூன்று சதவீதம்தானா என்று கேட்காதீர்கள். கார் கூடிக்கொண்டே போன காலத்தில் சைக்கிள் கூடியது என்பதே பெரிது.

வைத்தியருக்கு இது புரியாத விஷயமா? ரத்தக்குழாய் முழுவதும் சுத்தமாக இருந்து ஒரே ஓர் இடத்தில் அடைத்தாலும் ஆள் படுத்துவிடுகிறார். சைக்கிள் பாதையும் அப்படித்தான். இரண்டு கிலோமீட்டர் பாதுகாப்பு, நடுவில் நாற்பது அடி ஆபத்து என்றால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். அவள் அந்த நாற்பது அடியைத்தான் பார்ப்பாள்.

"சரி டாக்டரம்மா, அங்கே குளிர். நம்ம வெயிலுக்கு முடியுமா?" என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. அவர்களுக்கு நான் சொல்வது ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தை. கோடையில் அங்கே 40 டிகிரி சாதாரணம். நம் வேலூர், திருத்தணிக்குச் சளைத்ததில்லை. அங்கே 1987இல் தொடங்கிய ஒரு சைக்கிள்காரர் அமைப்பு வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. 2003 தேர்தலுக்குப் பிறகு நகரசபையில் கூட்டணி அமைந்தபோது சைக்கிள் பாதை ஒரு நிபந்தனையாக உள்ளே வந்தது. 2006இலிருந்து, ஒவ்வொரு தெருவாகக் காத்திராமல், ஒன்றோடொன்று இணைந்த 80 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சில் போட்டார்கள். கார் நிறுத்தும் சுமார் 5,000 இடங்களை எடுத்துத்தான் பாதைக்கு இடம் கண்டார்கள். நடைபாதை உயரத்துக்குத் தளத்தை உயர்த்திப் பச்சை வர்ணம் அடித்தார்கள். தினம் ஆறாயிரத்துச் சொச்சமாக இருந்த சைக்கிள்கள் சில வருஷத்தில் எழுபதாயிரத்தை எட்டின. வெயில் அதே வெயில்தான். வழி மட்டும்தான் புதிது.

நம்ம ஊர் நிலைமை

நமக்கும் பெருமைப்பட ஒரு கதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அதில் சேர்த்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று லட்சம் பேர் வரை கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். கேலி பேசிய ஆண்களைத் தாண்டி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகத்துக்கே தெரிந்தது. அன்றைக்குத் தடை மனசில் இருந்தது. ரோட்டில் இடம் இருந்தது. இன்றைக்கு அப்படியே தலைகீழ்!

காகிதத்திலும் நமக்குக் குறைவில்லை. சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் 1962லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது அது. 2014இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை வகுத்தது. நாட்டிலேயே முன்னோடி. கொள்கை பிரமாதம். ஆனால் நம் ஊர்களில் சைக்கிள் பாதை என்றால் இன்னும் என்ன? ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு உள்ளே கார் நிற்கும், இளநீர் வண்டி நிற்கும், டிரான்ஸ்பார்மர் நிற்கும். வெறும் பெயிண்ட் யாரையும் தடுக்காது. கல்லோ கட்டையோ வைத்துப் பிரிக்க வேண்டும்.

என் கையெழுத்து இல்லாத மனு

இனி எங்கள் தெருக் கதை. டீச்சரம்மா சும்மா இருக்கவில்லை. அந்தப் பையனின் அம்மா, ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர், ஜெராக்ஸ் கடைத் தம்பி என்று ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டும் சாக்பீஸுமாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பகுதியிலிருந்து மூன்று பள்ளிகளுக்குப் போகிற வழியை நடந்தே அளந்தார்கள். எங்கெங்கே பிள்ளைகள் பயப்படுகின்றன என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். இது முக்கியம். பெரியவர்கள் ரவுண்டானா என்றோம். பிள்ளைகளோ, பஸ் இடது பக்கம் திரும்பும் முனையையும், திறந்து கிடந்த ஒரு சாக்கடை மூடியையும் காட்டினார்கள்.

சர்வேயர் ஐயாதான் கண்டுபிடித்தார், வாய்க்கால் கரை வழியாகப் போனால் கடைத்தெருவையும் பஸ் ஸ்டாண்டையும் தொடாமலே போய்விடலாம் என்று. ஒன்றேகால் கிலோமீட்டர் மண் பாதை. ஒரே புதர், விளக்கு இல்லை. கரை முடிந்து தெருவில் ஏறும் இடத்திலிருந்து பள்ளி வாசல் வரை முந்நூறு மீட்டர் மட்டும் ரோட்டோரம் பிரித்துக் கொடுத்தால் போதும். நடுவில் வாய்க்காலைத் தாண்டும் குறுகலான பாலம் ஒன்று. மொத்தம் மூன்றே வேலை.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த முந்நூறு மீட்டரில்தான் என் கிளினிக் இருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன். மனுவைக் கொண்டுவந்து நீட்டியபோது என் கை ஓடவில்லை. என்னிடம் வருபவர்கள் முட்டி வலிக்காரர்கள், பக்கவாதக்காரர்கள். ஆட்டோ வாசலில் நின்றால்தான் இறங்க முடியும். பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்காரர் இருபது வருஷப் பழக்கம். "டாக்டரம்மா, வண்டி நிறுத்த இடமில்லேன்னா என் கடைக்கு யார் வருவா? நீங்களும் இதுக்குக் கையெழுத்துப் போட்டா நான் எங்க போவேன்?" என்று கேட்டுவிட்டார். 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லி டீச்சரம்மாவை அனுப்பிவிட்டேன். முதல் மனு என் கையெழுத்து இல்லாமலே போனது. ஊருக்கெல்லாம் சைக்கிள் ஓட்டச் சொல்லிச் சீட்டு எழுதுகிற டாக்டரம்மா!

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கடை வாசலில் நிற்கிற வண்டிகளை ஒரு வாரம் நானும் கடைப் பையனும் குறித்துவைத்தோம். காலையிலிருந்து மாலை வரை அசையாமல் நின்றவை பெரும்பாலும் யாருடையவை தெரியுமா? கடைக்காரர்களாகிய எங்களுடையவை! என் ஸ்கூட்டரும் சேர்த்துத்தான். பின்பக்கச் சந்தில் எங்கள் வண்டிகளை விட்டால், முன்பக்கம் ஆட்டோ நின்று போக இரண்டு இடம் தாராளமாக ஒதுக்கலாம். மருந்துக் கடைக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சம்மதமும் சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்பதை விட்டுவிட்டார்.

இரண்டாவது மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், வார்டு கவுன்சிலர், பகுதி சபைக் கூட்டம் என்று அலைந்தது தனிக் கதை. தெரு ஓர் அலுவலகத்துக்கு, கரை இன்னோர் அலுவலகத்துக்கு, பாலம் வேறோர் அலுவலகத்துக்கு. ஓர் இடத்தில், 'சைக்கிளா? இப்ப யாரும்மா சைக்கிள் ஓட்டுறா?' என்றார்கள். காலை எட்டு மணிக்கு முனையில் நின்று எண்ணிய நோட்டைக் காட்டினோம். ஒரு மணி நேரத்தில் இருநூறுக்கு மேல். அதிகாரிகள் கண்ணில் படாத இருநூறு பேர்.

ஓட்டப் போகிறவர்கள் கவனிக்க

சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, இருக்கிற வலி கூடும். முட்டி வலிக்காரர்கள் முதல் வாரம் பத்து நிமிஷம், சமதளத்தில் மட்டும். ஓட்டும்போது வலி கூடினாலோ, வீக்கம் வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். பையில் நாலு கல்கண்டு இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கண் இருட்டல் என்றால் உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பு இல்லாமல் ஓட்டக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். இதய நோய், தலைச்சுற்றல், கண்பார்வைக் குறை உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சைக்கிள் ஓட்டுகிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதைச் சொல்லாவிட்டால் சிலர் நிறுத்திவிடுவீர்கள், எனக்குத் தெரியும்!

வெயிலுக்கு, காலை எட்டரைக்குள், மாலை ஐந்துக்கு மேல். வீட்டுக்கு வந்ததும் நீர்மோர். புடவை, துப்பட்டா நுனியை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு வலைக்கம்பி போட்டால் இன்னும் நல்லது.

புகையைச் சுவாசித்தால் கெடுதல் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நெதர்லாந்தில் 2010இல் கணக்கிட்டார்கள்: காரிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிறவருக்கு உடலுழைப்பால் 3 முதல் 14 மாதம் ஆயுள் கூடுகிறது. புகையால் சில நாட்கள், அதிகம் போனால் 40 நாள் குறைகிறது. விபத்தால் 5 முதல் 9 நாள். லாபம்தான். ஆனால் ஜாக்கிரதை! இது அவர்கள் ரோட்டுக் கணக்கு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டுகிற நமக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு 'எல்லோரும் சைக்கிள் ஓட்டுங்கள்' என்று நான் இப்போதெல்லாம் எழுதிக் கொடுப்பதில்லை. எந்த வழியாகப் போவீர்கள் என்று முதலில் கேட்கிறேன். உட்தெரு உண்டா, எத்தனை இடத்தில் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும் என்று கேட்டு, சீட்டின் பின்பக்கம் வழியைப் படமாகப் போட்டுக் கொடுக்கிறேன்.

இப்போது எப்படி?

இரண்டரை வருஷம் ஆயிற்று. வாய்க்கால் கரையைச் சமன் செய்து கிராவல் போட்டாயிற்று. ஏழு விளக்குக் கம்பம் நட்டார்கள், நாலு எரிகிறது. முந்நூறு மீட்டரில் பாதிக்குக் கல் பதித்துப் பிரித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு வெறும் கோடு. அதில் வழக்கம்போல வண்டிகள். பாலத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. அந்த அறுபது அடியில் லாரியோடு லாரியாகத்தான் போக வேண்டும்.

டீச்சரம்மா அங்கே மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9ஆக இருந்தது, போன முறை 7.4. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து வந்த பலன்; எல்லாப் பெயரையும் சைக்கிளுக்குக் கொடுக்க மாட்டேன். முட்டி வலி என்று அவர் சொல்லி ஐந்தாறு மாதம் ஆகிறது. அந்தப் பையன் சனி, ஞாயிறு மட்டும் கரையில் ஓட்டுகிறான். பாலம் சரியானால்தான் பள்ளிக்கு அனுப்புவேன் என்கிறார் அவன் அம்மா. நான் வற்புறுத்தவில்லை.

நானும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். செவ்வாய், வெள்ளி அதில்தான் கிளினிக்குக்கு. போன வாரம் கரையில் டீச்சரம்மாவைப் பார்த்தேன். டயர் பஞ்சர் என்று நின்றுகொண்டிருந்தார். கரை நெடுக சீமைக் கருவேல முள். மாதம் இரண்டு பஞ்சர் நிச்சயமாம். அந்தப் புதரை வெட்டுவது எந்த அலுவலகத்தின் வேலை என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.